பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு எளிய விளக்கம்

மகளின் அறையிலிருந்து இரண்டு மூச்சுச் சத்தம் வந்தது. ஒன்று மகளுடையது, நிறைமாதக்காரி இழுத்து இழுத்து விடும் மூச்சு. மற்றது அதைவிட மெதுவாக, பெரிய மாடு ஒன்று படுத்துக்கொண்டு விடுவதுபோல நீண்டு வந்து, கதவடியில் ஈரமும் கருகிய மயிரும் கலந்த வாடையை விட்டுப் போனது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா அசையவில்லை. தேவாலயத்தில் வாராவாரம் பைபிள் வகுப்பு எடுப்பவள். இந்த வாரம் பைபிளின் கடைசிப் புத்தகத்தில் பன்னிரண்டாம் அதிகாரம். வழக்கம்போல அதிகாரத்தைத் திறக்காமல், புதிதாகப் படிப்பவர்களுக்கான விளக்கவுரையை மட்டும் கரைத்துக் குடித்திருந்தாள். பிரசவ வேதனையில் ஒரு பெண். பிறந்ததும் பிள்ளையை விழுங்க அவள் முன்னால் காத்து நிற்கும் ஏழுதலை வலுசர்ப்பம். பயப்பட ஒன்றுமில்லை, பெண் என்றால் திருச்சபை, சர்ப்பம் என்றால் அந்தக் காலத்துப் பேரரசு. இப்படித்தான் வகுப்பையே சொல்லப் பழக்கியிருந்தாள். அவள் வகுப்பில் எந்த மிருகமும் யாரையும் கடித்ததில்லை.

மகள் கூப்பிட்டாள். "அம்மா, கால்மாட்டுல யாரு நிக்கிறாங்க?"

மருமகன் வண்டி கொண்டுவரப் போயிருந்தான். ஜன்னலில் மாலை வெயில் இன்னும் இருந்தது. டீச்சரம்மா கதவைத் தள்ளினாள்.

கட்டிலின் கால்மாட்டில் மட்டும் வெயில் விழவில்லை. அங்கே தலைகள் இருந்தன. கூரையை முட்டி, கழுத்து மடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாய். ஒன்றுகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் மகளின் வயிற்றையே பார்த்தன.

பேரரசு, என்று முணுமுணுத்தாள். வெறும் அடையாளம். ஒரு வாய் திறந்தது. அவள் சுவரோரமாய்த் தலைமாட்டுக்கு நகர்ந்தாள்.

தலைமாட்டில் மகளின் பைபிள் கிடந்தது. முதல்முறையாக அதிகாரத்தையே படித்தாள். பிள்ளை சர்ப்பத்திடம் சிக்காது; பிறந்த உடனே மேலே, கடவுளிடம் எடுத்துக்கொள்ளப்படும். விளக்கவுரை இதைத்தான் ஆறுதல் என்றது. தாயிடம் யார் திருப்பித் தருவார்கள் என்று அதில் இல்லை. அதிகாரத்திலும் இல்லை. இனி எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மகள் அலறினாள். டீச்சரம்மா ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையின் தலை உள்ளங்கையில் பட்டது. சூடாக. வழுக்கிக்கொண்டு. அப்புறம் இல்லை.

அழுகை கேட்டது. கட்டிலில் இல்லை. கூரைக்கு மேலே. இன்னும் மேலே.

"பிள்ளைய எங்கிட்ட குடும்மா."

தலைகள் எல்லாம் அந்த அழுகையை அண்ணாந்து பார்த்தன. அது தேய்ந்து நின்றது. பிறகு, ஒவ்வொன்றாக, மகளை நோக்கிக் குனிந்தன.