குஞ்சுகள் கேட்ட சூடு

நிலவுக் குடியிருப்பில் பல் துலக்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "குளிருகிறதா?" என்று ஒவ்வோர் அறைச் சுவரும் கேட்கும். கேட்பது வெப்பப் பங்கீட்டு எந்திரம். பங்கு பிரிப்பதால் ஜனங்கள் அதற்குப் பங்காளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே சூரியன் போனால் பதினான்கு நாள் முகம் காட்டாது. சேமித்த வெப்பத்தைத்தான் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். யார் வாய்விட்டுக் கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பது, வேண்டாம் என்பவரிடமிருந்து எடுப்பது. பங்காளிக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவே.

மனித குணம்தான் தெரியுமே! மூன்றாம் அறை சபேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே "உயிர் போகுது" என்பார். அந்த வரிசையின் நாற்பது அறைகளிலும் இதே புலம்பல், ஒன்றைத் தவிர. தில்லைநாயகியின் அப்பா மாசிலாமணி மட்டும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பூமியில் இருந்த காலத்தில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோதும் அதையே சொன்ன மனிதர். அதனால் தினமும் தில்லை முந்திக்கொண்டு, "குளிருது" என்று அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

குடியிருப்புக்கு வேண்டிய உணவை வளர்த்தெடுக்கும் உணவுக் கூடத்தில் அவளுக்கு வேலை. இருட்டு தொடங்கிய மூன்றாம் நாள் பூமியிலிருந்து இருநூறு கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கின. முட்டையின் மஞ்சள் கருவையே வயிற்றில் கட்டுச்சோறாகச் சுமந்துகொண்டு மூன்று நாள் பயணம் செய்தவை. தில்லை ஒவ்வொன்றின் அலகையும் வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டு, பங்காளி சூடு கொடுக்கும் விளக்கின் கீழே விட்டாள். வெப்பமானி முப்பத்தைந்து டிகிரி காட்டியது. அது சரியான சூடுதான். ஆனாலும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காதைத் துளைக்கும்படி கத்தின. சாயங்காலத்துக்குள் அடியில் நசுங்கிப் பதினொன்று செத்துப்போயின.

பராமரிப்பு அதிகாரி இருதயராஜ் வந்து வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்தைந்து இருக்கிறதே, அப்புறம் என்ன என்றார். தில்லை தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. வெப்பமானி இருதயராஜின் நெஞ்சு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது! இறக்கி மாட்டிவிடலாம் என்றார் அவர். அவளுக்கு அதன்மேல் நம்பிக்கையே போய்விட்டது.

"வெப்பமானிக்கா சார் குளிருது? குஞ்சுக்குத்தான் குளிருது. அதுங்க கத்துறதையே பதிலா எடுத்துக்கச் சொல்லுங்க உங்க பங்காளிய."

அவரும் நல்ல மனிதர். குஞ்சுகளின் குரலைப் பங்காளிக்குப் பழக்கிவிட்டார். ஒரு மணி நேரத்தில் குஞ்சுகள் கூடம் முழுக்கப் பரவி, காலை நீட்டிக்கொண்டு தூங்கின. தில்லைக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு நாள் அவள் அங்கிருந்து நகரவில்லை. தினமும் அப்பாவைப் போனில் கூப்பிட்டுக் குளிருகிறதா என்று கேட்டாள். அவரும் தினமும் ஒரே பதிலைச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கேன்மா. நீ குஞ்சுகளப் பாரு."

இல்லாத வெப்பத்துக்குப் பங்காளி எங்கே போகும்? குஞ்சுகள் கத்திக் கேட்டன. நாற்பது அறைகளில் வேண்டாம் என்றது ஒரே ஓர் அறை. தன்னைவிட்டால் அப்பாவுக்காகப் பதில் சொல்ல ஆளில்லை என்பது தில்லைக்கு நினைவே வரவில்லை.

ஐந்தாம் நாள் அவள் வீடு திரும்பியபோது கதவின் கைப்பிடி கையைச் சுட்டது, அவ்வளவு குளிர். உள்ளே மாசிலாமணி தன்னிடமிருந்த சட்டைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. குஞ்சுகளாவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவருக்கு ஒட்டிக்கொள்ள யாருமில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று சுவரைப் போட்டு அடித்தாள் தில்லை. பங்காளி அவருடைய நான்கு நாள் பதில்களையும் வரிசையாகப் போட்டுக் காட்டியது. நான்கும் ஒரே வாக்கியம். கடைசிப் பதிலில் பற்கள் கிடுகிடுப்பது தெளிவாகக் கேட்டது. போனில் அவள் காதிலும் அதுதான் விழுந்திருக்கும். குஞ்சின் நடுக்கத்தைக் கேட்கச் சொல்லி எந்திரத்தோடு மல்லுக்கட்டியவள், அப்பாவிடம் வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு போனை வைத்திருந்தாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் சபேசனும் அக்கம்பக்கத்தாரும் வந்து நின்றார்கள். அறை இன்னும் சூடேறவில்லை. தில்லையின் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. எப்படிம்மா இருக்கே என்று சபேசன் கேட்டார். சுவரும் தன் வழக்கப்படி, "குளிருகிறதா?" என்றது.

"இல்ல, நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் தில்லைநாயகி, இருவருக்கும் சேர்த்து.

மேலே வெப்பக்குழாயின் மூடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. உணவுக் கூடத்தில் நூற்றெண்பத்தொன்பது குஞ்சுகளும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.