முதல் கானுக்குச் சிவப்பு விளக்கு

“தங்கச்சி, நாளைக்கும் சிவப்பு வந்தால் என்ரை பேரை வெட்டிப்போடுவினம்!”

இணுவிலிலிருந்து வட்டுக்கோட்டை வரைக்கும் பால்கானோடு சைக்கிள் மிதித்து வந்த பராசக்தி, செருப்பைக் கழற்றுமுன்பே அழத் தொடங்கிவிட்டாள். புதன்கிழமை, காலை எட்டு மணி. கெல்வின் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் அதில் இருக்கவில்லை. அவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார்சைக்கிள் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

அவன் மனைவி நிமலினி மட்டும் பதறாமல் ஆறுதலாக இருந்தாள். பள்ளிக்கூட ஆய்வுகூடக் கருவிகளைத் திருத்துவது அவள் தொழில். இணுவில் பால் நிலையத்தில் புது மெசினைப் போன மாதம் பொருத்தியவளும் அவளே. கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் பாலை ஊற்றி வைத்தால், மெசின் அதற்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கும். நல்ல பாலென்றால் பச்சை விளக்கு, பழுதென்றால் சிவப்பு.

“திங்கள், செவ்வாய், இண்டைக்கு. மூண்டு நாளும் சிவப்பு. நாலாவதும் வந்தால் பிறகு என்ரை பாலை எடுக்கமாட்டினம். மாட்டை வித்துப்போட்டு நான் என்ன செய்யிறது?”

“உங்களுக்குப் பின்னாலை நிண்ட ஆக்களுக்கு?”

“எல்லாருக்கும் பச்சை. நான்தான் எப்பவும் முதல் ஆள். மெசினிலை பிழை எண்டால் எனக்கு மட்டும் ஏன்?” பராசக்தி மூக்கைத் துடைத்தாள். “பக்கத்து வீட்டு உதயகலாவின்ரை வேலைதான். கானை மற்றப் பக்கம் பிடிச்சுச் சைக்கிளிலை ஏத்தித் தாறவள் அவள். உன்ரை எரிச்சல்தான் என்ரை பாலைக் கெடுத்தது, இனி என்ரை வளவுக்கை கால் வைக்காதை எண்டு நேற்று ஊர் கேக்கக் கத்தினன்.”

“தேசிக்காய்ப் புளி!” எலுமிச்சை பிழிவதுபோல விரலை நெரித்துக்கொண்டு கெல்வின் துள்ளினான். “பாலைக் கெடுக்க ரெண்டு சொட்டுக் காணும். நான் போய் உதயகலாவை விசாரிக்கட்டோ?”

“நில்லுங்கோ. முதலிலை அவையள் திருப்பிவிட்ட அந்தப் பாலைக் காய்ச்சுங்கோ.”

கெல்வின் கானைத் தூக்கினான். மூடியில் மூன்று கோடாகத் திருநீறு. வெளியே நின்ற சைக்கிளின் மணியிலும் அப்படியே. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். பொங்கியதே தவிர, பால் திரையவில்லை. புளிப்பு மணமும் இல்லை. அதிலேயே தேத்தண்ணி போட்டுக் குடித்தார்கள்.

“புளி விட்டிருந்தால் சூட்டோடை திரைஞ்சிருக்கும். பால் நல்ல பால்,” என்றாள் நிமலினி. “அக்கா, திங்கட்கிழமைச் சிவப்புக்குப் பிறகு எதையாவது மாத்தினீங்களோ?”

“ஒண்டும் மாத்தேல்லை. அண்டு பின்னேரம் கந்தசாமி கோயிலிலை போய் அழுதுபோட்டு வந்தன். அவ்வளவுதான்.”

நிமலினி தலையாட்டினாள். “நாளைக்கு வழக்கம் போலை போங்கோ. நாங்களும் வாறம்.”

அன்று முழுக்கக் கெல்வின் அரித்தெடுத்துவிட்டான். “நீர் கண்டுபிடிச்சிட்டீர். சொன்னால் என்ன குறைஞ்சா போவீர்?” அவள் ஒரு பழைய தராசைத் திருத்திக்கொண்டிருந்தாள். நாளைக்கும் சிவப்பு வந்தால் அந்த மனிசி என்ன ஆவாள் என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் விடிய நிலையம் திறந்தது. மெசினைப் பார்ப்பவன் குருநகர் சிமியோன். கழுவிக் காயவைத்த கண்ணாடிக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேர் எழுதும் கொப்பியை எடுக்க உள்ளே போனான். நிரையின் முதலில் பராசக்தி. கடைசியில் உதயகலா, யார் முகத்தையும் பாராமல் நின்றாள். கெல்வின் அவளுடைய கையையே கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அசையவே இல்லை.

“அக்கா, அந்த விரலை அப்பிடியே வைச்சிருங்கோ,” என்றாள் நிமலினி.

கெல்வின் திரும்பினான். பராசக்தியின் மோதிரவிரல் கண்ணாடிக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் இருந்தது. அதன் கீழே மூன்று வெள்ளைக் கோடு.

“ஐயோ, நான் கெடுதலா ஒண்டும் செய்யேல்லை! பச்சை வரவேணுமெண்டு கந்தனை நினைச்சுப் பூசினன்.”

“தெரியும் அக்கா. மணிக்கும் மூடிக்கும் பூசின நீங்கள், உங்களைப் பயப்படுத்துற மெசினை விட்டிருப்பியளோ?” நிமலினி கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். “பாலிலை கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் மிதக்குது. பழுதானால் அதெல்லாம் ஒட்டித் திரளும், வெளிச்சம் வேறை மாதிரிச் சிதறும். திருநீறும் துணிக்கைதான். உள்ளை இருக்கோ வெளியிலை இருக்கோ எண்டு மெசினுக்குத் தெரியாது. பாலை ஊத்தினாப் பிறகு வெள்ளைக்கு மேலை வெள்ளை, சிமியோனுக்கும் தெரியாது.”

“சிவப்பு வந்தவுடனை கிண்ணத்தை நல்லாக் கழுவிப்போட்டுத்தான் அடுத்த ஆளின்ரையைப் பாக்கிறனான்,” என்றான் சிமியோன், தலையைச் சொறிந்துகொண்டு.

“அதுதான் மற்ற ஆக்களுக்கெல்லாம் பச்சை.”

கெல்வினுக்குப் பொறுக்கவில்லை. “அப்ப திங்கட்கிழமை? அண்டைக்கு இவ இன்னும் கோயிலுக்கே போகேல்லையே!”

நிமலினி பராசக்தியின் பக்கம் திரும்பினாள்.

“ஞாயிறு பின்னேரப் பால்,” என்றாள் பராசக்தி மெல்ல. “நிலையம் பூட்டு. கீழை ஊத்த மனம் வரேல்லை. திங்கட்கிழமைப் பாலோடை கலந்தன். அண்டைக்கு மெசின் உண்மையைத்தான் சொன்னது. அந்தப் பயத்திலைதான் பூசத் தொடங்கினன்.”

சிமியோன் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தான். பராசக்தியின் கானிலிருந்து ஒரு அகப்பை பாலை எடுத்து ஊற்றினான். கெல்வின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மெசின் முனகியது.

பச்சை.

“கொப்பியிலை செவ்வாயும் புதனும் பட்ட சிவப்பை வெட்டிவிடுறன். உங்கடை பேர் கிடக்கும் அக்கா,” என்றான் சிமியோன். கெல்வின் கைதட்டியே விட்டான். பராசக்தி சிரிக்கவில்லை. நிரையின் கடைசியைப் பார்த்தபடி நின்றாள். பாலை ஊற்றுகிற தொட்டிக்குக் கானைத் தூக்கப் பார்த்தாள். தனியாகத் தூக்கியதில் கான் சரிந்தது.

உதயகலா தன் கானைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். வழக்கம் போல மற்றப் பக்கக் கைபிடியைப் பிடித்தாள்.

“உதயா, நான்...”

“நீ சொன்னது எனக்குச் செமிக்க நாளெடுக்கும்,” என்றாள் உதயகலா. “இப்ப கானைத் தூக்கு. பால் ஊத்துப்படப் போகுது.”