வாய் வைத்த இரும்பு

புழு கூடு கட்டிய பிறகு ஷெட்டில் சத்தம் இருக்கக் கூடாது. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அதற்கு முந்தின கடைசி ஒரு வாரம் புழு ராவும் பகலும் மல்பெரி இலையைத் தின்று தீர்க்கும். கூரை மேல் மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரே சரசரப்பாக இருக்கும். அப்புறம் வலையில் ஏறி, தன்னைச் சுற்றித் தானே நூலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். அதோடு ஷெட்டில் பேச்சுமூச்சு இருக்காது.

அன்று நாலு மணி வெயிலில் கூடை எடுக்க சுகுணா ஷெட்டுக்குள் போனபோது வலைகள் முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் கூடு நிறைந்திருந்தது. இலைக்கழிவின் புளித்த வாடையும் தரையில் தூவிய சுண்ணாம்பின் காரமும் சேர்ந்து மூக்கை அடைத்தன. ஒரு புழுகூட வெளியே இல்லை. ஆனாலும் மெல்லுகிற சத்தம் கேட்டது.

இலை மெல்லுகிற சத்தம் இல்லை அது. பல்லில் இரும்பு உரசுகிற சத்தம். கடக் என்று ஒன்று, பிறகு ஒரு நீண்ட மூச்சு, மறுபடியும் கடக்.

இலைக்கட்டு போடுகிற மூலையில் அவள் வீட்டுக்காரன் முனிராஜ் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

“மாமா, வாயில என்ன வெச்சிருக்கீங்க?”

திரும்பினான். வாயைத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றுமே இல்லை. நாக்கு மட்டும் அமுங்கிக் கிடந்தது. எதையோ குறுக்கே வைத்து அழுத்தினாற்போல அதில் ஒரு பள்ளம். வாயின் இரண்டு ஓரமும் கிழிந்து, காய்ந்து, காய்ந்த இடமே மறுபடி கிழிந்து செக்கச்செவேல் என்று இருந்தது. சுகுணாவுக்கும் ரெண்டு நாளாக உதட்டோரம் எரிந்துகொண்டுதான் இருந்தது. வெயில் சூடு என்று வெண்ணெய் தடவி வந்தாள்.

இதெல்லாம் எதனால் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாளாக அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தாள்.

ஏரிக்கு மேலே முனியப்பன் கோயிலில் ஒரு சிமெண்ட் குதிரை நிற்கிறது. குடியை விட முடியாதவனும் கையை அடக்க முடியாதவனும் அந்தக் குதிரைக்குக் கடிவாளம் போடுவார்கள். ஏரியில் முங்கி ஈரத்துணியோடு வந்து, கடிவாளத்து இரும்பைத் தன் வாயில் வைத்துக் கடித்து, மனசுக்குள் சத்தியம் பண்ணி, அந்த எச்சிலோடு குதிரையின் வாயில் மாட்டிக் கட்ட வேண்டும். நாற்பத்தெட்டு நாளைக்குக் கயிறு முனியப்பன் கையில். அவர் பிடித்து நடத்துவார். நாற்பத்தெட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள், கட்டின கையே அதை அவிழ்த்து ஏரியில் போட்டுவிட வேண்டும். அப்படித் திருந்தினவர்கள் அந்தப் பக்கம் எத்தனையோ பேர். ஆனால் யாரும் இன்னொருத்தருக்காகக் கட்டியதில்லை. அவனவன் வாய், அவனவன் சத்தியம்.

முனிராஜ் சத்தியம் பண்ணுகிற ஆளா? பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போனால் சந்தை கலைந்த பிறகும் பிராந்திக்கடை வாசலில் கிடப்பான். பங்குனியில் ஒரு நாள் ஆறு வயசு மகள் பூவிழியை வண்டியின் டேங்க் மேல் தனக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, குடித்த வாயோடு ஓட்டி வந்து பாலத்துக் கட்டையில் மோதினான். அவனுக்குக் கீறல்கூட இல்லை. பிள்ளைக்குக் கை முறிந்தது. மாவுக்கட்டோடு அது தூக்கத்தில் முனகுவதைக் கேட்டுக்கொண்டே, இன்னொரு தடவை என் பிள்ளையை இவன் கையில் விட்டால் நான் பெத்தவளே இல்லை என்று சுகுணா முடிவு கட்டினாள்.

சந்தை இரும்புக்கடையில் கடிவாளம் வாங்கி வந்தாள். அவன் போதையில் மல்லாந்து கிடந்தபோது கரண்டிக் காம்பை விட்டுப் பல்லைப் பிரித்து, இரும்பை உள்ளே வைத்து, தாடையைக் கையால் அமுக்கினாள். நறுக்கென்று கடித்தான். அந்த எச்சில் காய்வதற்குள் கோயிலுக்கு ஓடினாள். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், வீட்டிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு கடித்துக் கொடுத்தார் என்று பூசாரி சென்றாயனிடம் வாய் கூசாமல் பொய் சொன்னாள். பூசாரி கற்பூரம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவளே கட்டினாள். குதிரை நல்ல உயரம், கயிறும் புதுசு, முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. ரெண்டு கையும் வேண்டியிருந்ததால் இரும்பை ஒரு நொடி தன் பல்லிலேயே கடித்துப் பிடித்துக்கொண்டாள். முடிச்சு விழுந்ததும் அதை மறந்தும் போனாள்.

மறுநாள் முதல் முனிராஜ் குடிக்கவில்லை. சந்தைக்குப் போனான், சாமான் வாங்கினான், திரும்பி வந்தான். இலை வெட்டுங்க என்றால் வெட்டினான், குளிங்க என்றால் குளித்தான், தூங்குங்க என்றால் கண்ணை மூடினான். பக்கத்து வீட்டு பானுமதி, “என்னடி சுகுணா, ஒன் வூட்டுக்காரர எந்தக் கடையில மாத்திக்கிட்டு வந்த?” என்று கேலி பண்ணினாள். சுகுணா சிரித்தாள். பொய் சொல்வானேன், அந்த நாட்கள் அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தன. அவன் தானாக எதையும் செய்வதில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. அதுவும் பிடித்திருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் பொழுது சாயும் நேரம், அவள் களி கிண்டிக்கொண்டிருந்தபோது முனிராஜ் நிலைப்படியில் வந்து நின்றான்.

“சுகுணா, இன்னிக்கி அவுத்து வுட்ருடி.”

அவள் கை அப்படியே நின்றது. அவனிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“எத மாமா?”

“தெரியாத மாதிரி கேக்காதடி. வலிக்குதுடி. பாப்பா மேல சத்தியமா நான் குடிக்க மாட்டேன். பொழுது போவுது, அவுத்து வுட்ரு.”

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் பூவிழியின் கை கொஞ்சம் வளைந்துதான் சேர்ந்திருந்தது. அந்தக் கையால் அது சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்தது. சுகுணா அதைப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டால் பழைய முனிராஜ் வந்துவிடுவான் என்று பயமாக இருந்தது.

“நாளைக்கிப் பாக்கலாம் மாமா,” என்றாள்.

அவன் நின்ற இடத்திலேயே அழுதான். அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை.

மறுநாள் அவன் படுத்த கட்டில் கால் முறிந்தது. தோட்டத்துக் காய்ந்த மண்ணில் அவன் நடந்த தடம் கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. சோறும் இறங்காமல் எலும்பும் தோலுமாய்ப் போன மனுஷன் அவன். பனியனைக் கழற்றியபோது விலாவின் ரெண்டு பக்கமும் ரத்தம் கட்டியிருந்தது. யாரோ மேலே உட்கார்ந்து குதிகாலால் உதைத்த உயரத்தில் இருந்தது அது.

இப்போது ஷெட்டில் வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டான். அவன் தலை வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பியது. தலை போன பக்கம் உடம்பும் திரும்பியது. முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்து, அவளைப் பார்க்காமலே, ஷெட்டை விட்டு வெளியே போனான்.

போதுமடா சாமி என்று ஆகிவிட்டது சுகுணாவுக்கு. பூவிழியை பானுமதி வீட்டில் விட்டாள். “அக்கா, கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன். அவரு வந்து கேட்டா பாப்பாவ அனுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கோயிலில் குதிரை வாய் வெறுமையாக இருந்தது. கடிவாளம் இல்லை, கயிற்றுத் துணுக்குகூட இல்லை. பூசாரி சென்றாயன் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

“யாருண்ணா அவுத்தது?”

“யாரும் அவுக்கலம்மா. நாப்பத்தொம்பதாம் நாள் காலைல வந்தேன், காணல. அன்னிலேர்ந்து உள்ள வெளக்கு நிக்க மாட்டேங்குது. ஏத்தறேன், அணையுது. ஆளு காலி பண்ணிட்டுப் போன வூடு மாதிரி இருக்குது. உள்ள போவவே எனக்கு மனசு வரல.” அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒம் புருஷன் அவனாதானே கடிச்சான்?”

சுகுணா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கரண்டிக் காம்பு, தாடை, பொய், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னது, எல்லாம். பூசாரி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“நாப்பத்தெட்டு வரைக்கும் புடிச்சி நடத்துவாரும்மா. அதுக்கு மேல வெச்சிருந்தா கடிச்சவன் மேலயே ஏறிக்குவாரு. ஏறினவரு எறங்கணும்னா, அந்தக் குதிரை வுழுந்தாத்தான் எறங்குவாரு. அந்த இரும்புல அவன் வாய் மட்டும்தானே பட்டுச்சி?”

முடிச்சு. வழுக்கின கயிறு. பல்லில் ஒரு நொடி பட்ட சில்லிப்பு.

“ஆமாண்ணா,” என்றாள்.

“அப்ப ஒதட்டோரம் அது என்னம்மா?”

தொட்டுப் பார்த்தாள். விரலில் ரத்தம். பூசாரி எழுந்து ரெண்டு அடி பின்னால் போனார். பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சுகுணா இறங்கி ஓடினாள். மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிடைக்கிற பஸ்ஸில் ஏறி பொம்மிடியில் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டும், இந்த ஒன்றுதான் மனசில் ஓடியது. தான் எப்படிப் போனாலும் போகட்டும், பிள்ளை போய்ச் சேர்ந்தால் போதும். பாதை பம்புசெட்டுக்கிட்டே ரெண்டாகப் பிரியும். இடது பக்கம் வீடு, வலது பக்கம் ஏரி. தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வியர்வையில் ஊறின தோலின் வாடை எங்கிருந்தோ வந்தது.

வாயில் இரும்பு ருசித்தது. துப்பினாள். போகவில்லை.

இடது பக்கம் காலை வைத்தாள். தலை வலது பக்கம் திரும்பியது.

அவள் திருப்பவில்லை.

கண்ணை மட்டும் வீட்டுப் பக்கம் உருட்ட முடிந்தது. வாசல் பல்பு எரிந்தது. வாசப்படியில் பூவிழி. பானுமதி வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்து அம்மாவுக்காக உட்கார்ந்திருந்தது. உள்ளே போடி, கதவைச் சாத்திக்கோடி என்று கத்தப் பார்த்தாள். நாக்கு எழவில்லை.

கடக்.

“அம்மா!” பிள்ளை எழுந்தது. “அம்மா, எங்க போற?”

அவள் முழங்கால் உயர்ந்தது. பதிந்தது. மறுபடி உயர்ந்தது. ஏரிப் பக்கம்.

“அம்மா, இரும்மா! நானும் வர்றேன்!”

வராதே. வராதே கண்ணு. கடக். கடக். பின்னால் சின்னக் கால்கள் ஓடி வருகிற சத்தம்.

ஏரிக்கரையில் முனிராஜ் கிடந்தான். பக்கவாட்டில் சாய்ந்து, கைகால் மடங்கி, வாய் காது வரைக்கும் கிழிந்து. கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. அவன் முதுகு காலியாக இருந்தது.

அவனருகே அவளைக் கயிறு நிறுத்தியது.

முதலில் பிடரியில் ஒரு கை. பிறகு கனம். முதுகெலும்பு நெரிந்தது. விலாவின் ரெண்டு பக்கமும் குதிகால் வந்து பொருந்தியது. பாதங்கள் மண்ணுக்குள் இறங்கின.

பூவிழி மூச்சிரைக்க வந்து நின்றது. அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மாவின் தலைக்கு மேலே, இன்னும் மேலே, அண்ணாந்து பார்த்தது.

“அம்மா, ஒம்மேல உக்காந்திருக்கிறது யாரும்மா?”

சுகுணா தன் பலத்தையெல்லாம் சேர்த்துத் தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தடவை. கயிறு சுண்டியது. தாடையில் சூடாக வழிந்தது.

பிள்ளை மேலே யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி நின்றது. சரி என்று தலையாட்டியது. அதன் முகத்தில் பயமே இல்லை.

“என்னையும் ஏறிக்கச் சொல்றாரும்மா. முன்னால உக்கார வெச்சிக்கிறாராம்.”

வளைந்து சேர்ந்த அந்தக் கையை மேலே நீட்டியது.

சுகுணாவின் முழங்கால்கள் மடங்கின. பிள்ளை ஏறுவதற்கு வாகாக, அவள் முதுகு தாழ்ந்தது.