பதினான்காம் வார்டின் பதிலிகள்

"நேர்ல வந்து போடுங்க சார், பதிலியை நம்பாதீங்க," என்று நான்காவது மாடியில் நின்று மன்றாடிக்கொண்டிருந்தாள் கோமதி. நகராட்சித் தேர்தல் முடிய அரை மணி நேரம்கூட இல்லை.

கதவைப் பாதி திறந்து நின்ற ஹரிஹரன் அந்த அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். "எதுக்கும்மா அலையணும்? என் பதிலிக்கு என்னைத் தெரியாதா? நாங்க எல்லாருமே உங்க பக்கம்தான். தொட்டியை இடிக்க விடுவோமா?"

மணிக்கட்டிலிருந்த பட்டையைத் தட்டிக் காட்டினார். அதுதான் பதிலி. ஆள் என்ன வாங்குகிறான், எங்கே போகிறான் என்று வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். தேர்தல் நாளில் அவன் நேரில் போகாவிட்டால் அவனுக்காக அதுவே ஓட்டுப் போட்டுவிடும். வாயால் சொல்வதை மட்டும் கணக்கில் எடுக்காது. மனுஷன் வாய் பொய் சொல்லும் என்று, அதைச் செய்தவர்கள் காதைப் பொருத்தாமலே விட்டுவிட்டார்கள்.

இதிலே ஒரு கூத்தைப் பாருங்கள். டெல்லிக்கு யாரை அனுப்புவது என்றால் இந்த ஜனம் குளித்து முழுகி, வெயிலில் வரிசை கட்டி, விரல் மையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும். குழாயில் தண்ணீர் வருமா, வாசலில் சாக்கடை தேங்குமா என்று தீர்மானிக்கிற கவுன்சிலர் தேர்தலா? அதைப் பதிலி பார்த்துக்கொள்ளுமாம்! என்னத்தைச் சொல்ல?

கோமதி பதினான்காம் வார்டு வேட்பாளர். பள்ளத்தெருவில் இட்லிக்கடை வைத்திருப்பவள். அரசியல் ஆசையெல்லாம் கிடையாது. வார்டின் தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டு அங்கே வண்டிகளுக்கு மின்னேற்று நிலையம் கட்டப்போவதாகச் சொல்லி வெயிலுமுத்து என்பவர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நிற்க வேறு ஆள் இல்லாததால் இவள் நின்றாள். தொட்டி போனால் பள்ளத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் அவளுக்குக் கடையும் இல்லை.

"சார், தயவுபண்ணிக் கீழே வாங்க. ஓட்டுப்போடற பள்ளிக்கூடம் இதோ எதிர்லதான் இருக்கு."

"மேட்ச் முடியப்போகுதும்மா. முடிஞ்சதும் வந்துடறேன்."

அவர் வரவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எங்கே போனாலும் இதே பாட்டுத்தான். காபி குடிக்கிறீங்களா என்று உபசாரம் வேறு! அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தபோது கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரையெல்லாம் நேரில் போடச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவள், தன் ஓட்டைப் போட மறந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். போகட்டும், என் பதிலி எனக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சற்று நேரத்தில் முடிவு வந்துவிட்டது. வெயிலுமுத்து ஜெயித்தார். பள்ளத்தெருவைத் தவிர எங்கேயும் கோமதிக்கு ஓட்டு விழவில்லை.

நேராகத் தேர்தல் அதிகாரி நசீமாவிடம் போனாள். "இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு மேடம். அந்த அடுக்குமாடியில ஒருத்தர் விடாம எனக்குத்தான்னு சொன்னாங்க."

ஏன் அப்படிப் போட்டன என்று கேட்டால் பதிலிகள் காரணம் சொல்லியாக வேண்டும். அது சட்டம். நசீமா திரையைப் பார்த்து வாசித்தார். "அங்க எல்லாரும் வருஷக்கணக்கா கேன் தண்ணிதான் வாங்குறாங்க. வண்டிக்குக் கரண்ட் ஏத்த ஊரெல்லாம் சுத்துறாங்க. அதனால தொட்டி வேண்டாம், நிலையம் வேணும்னு போட்டிருக்கு."

"குளிக்கிறது, துவைக்கிறது எல்லாம் தொட்டித் தண்ணியிலதானே மேடம்!"

"அதுக்குச் சங்கம் மொத்தமாப் பணம் கட்டிடுது. ஆளாளுக்கு வாங்குறது மட்டும்தான் பதிலிக்குத் தெரியும்."

அதற்குள் ஹரிஹரன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏம்மா, நிஜமாவே தொட்டி போயிடுமா? எங்க போர்ல சொட்டுத் தண்ணி கிடையாதே! மறுதேர்தல் கேளுங்க!"

கோமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப ஓடிவரத் தெரிஞ்ச காலு, சாயங்காலம் எங்க சார் போச்சு? கேன் தண்ணி குடிச்சுக்கிட்டே தொட்டியைக் காப்பாத்தறேன்னா, பதிலி என்ன பண்ணும்? என்னை மாதிரி நடந்துக்கிட்டிருந்தா அது ஒழுங்காப் போட்டிருக்கும். மேடம், என் ஓட்டைக் காட்டுங்க. இவர் பாக்கட்டும்."

பட்டையைத் திரையில் வைத்தாள்.

நசீமா பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வெயிலுமுத்துக்கு விழுந்திருக்கு."

"என்னது?"

"இந்த ஒரு மாசமா கேன் கேனா தண்ணி வாங்கியிருக்கீங்க. வார்டுலயே நீங்கதான் அதிகம்."

"அய்யோ, அது என் கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு மேடம்! மாடிவீட்டுக்காரங்க குழாய்த் தண்ணி குடுத்தா முகம் சுளிப்பாங்களேன்னு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டாள். ஹரிஹரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புகார் எழுதிக்கட்டுமா?" என்றார் நசீமா.

"யார் மேல மேடம் எழுதுவீங்க?" என்றாள் கோமதி.