தேனீக்களைக் கூப்பிட்ட ஆடற்பொறி

அந்த வருஷமும் ஒரே ஒரு தேனீ தர்ஷிகாவின் சான்றைக் கெடுத்துவிட்டது.

"தடத்துகள் பொய் சொல்லாதுங்க," என்றார் ஆய்வாளர் ஜெனிஃபர். ஒவ்வொரு தேனீயின் முதுகிலும் ஒட்டியிருக்கும் மகரந்தத் தூளளவு கருவி அது. போன இடத்தையெல்லாம் பதிந்துவிடும். "உங்க தேனீ ஒண்ணு கோகுல்ராஜ் தோட்டத்து முருங்கைப் பூவுல உக்காந்திருக்கு. அங்க மருந்தடிச்சிருக்காங்க. ஒண்ணு போனாலும் மொத்தத் தேனும் தள்ளுபடி. விதி அப்படி."

"மாட்டைன்னா கட்டிப் போடலாம் மேடம். தேனீயை எப்படிங்க கட்டறது?"

ஜெனிஃபர் படிவத்தில் 'தள்ளுபடி' முத்திரையைக் குத்தினார். அரவக்குறிச்சிப் பக்கத்தில் தேனீப் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகுகூட ஊற்றாதவள் தர்ஷிகா. இருந்தும் இயற்கைத் தேன் என்ற சான்று இல்லாமல் கோவைக் கடைக்காரர்கள் அவள் புட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பம்புசெட்டு பழுது பார்க்கும் அவள் கணவன் பிரணவ் இதைக் கேட்டு யோசனையில் ஆழ்ந்தான். பூ இருக்கும் திசையை ஒரு தேனீ இடுப்பை ஆட்டி ஆடிக்காட்டும். மற்றவை அதைப் பார்த்துப் பறக்கும்.

"கட்ட முடியாட்டி என்ன, கூப்பிடலாமில்ல? நாம ஆடுவோம்," என்றவன் பெட்டி முன்னால் நின்று இடுப்பை வளைத்து ஆடியே காட்டினான். தர்ஷிகாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

இரண்டு மாதத்தில் புளியங்கொட்டை அளவில் ஓர் ஆடற்பொறி தயாரானது. முதல்நாள் அதன் ஆட்டம் பிடிக்காமல் தேனீக்கள் அதை வாசலுக்கு உருட்டி வெளியே தள்ளின. பிரணவ் அதன் உடம்பில் அதே பெட்டியின் மெழுகைத் தேய்த்துத் திரும்ப விட்டான். இந்த முறை சுற்றி நின்று பார்த்தன. பிறகு, கோடு கிழித்தாற்போல் வடக்கே கிளம்பின. அங்கேதான் மருந்தே படாத தோட்டங்கள் இருந்தன.

"போகுது பாருங்க! போகுது!" தர்ஷிகா வரப்பில் ஓடினாள்.

சான்று கிடைத்தது. சும்மா இருப்பார்களா மற்ற தேன்காரர்கள்? வட்டாரம் முழுக்க ஆடற்பொறிகள் ஆடின. மருந்தடித்த தோட்டங்களின் பக்கம் ஒரு தேனீயும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த பருவத்தில் கோகுல்ராஜ் வந்து நின்றார்.

"அம்மிணி, மரம் பூத்துக் கொட்டுது. காயைத்தான் காணோம். உன்ற தேனீககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மருந்தை நிறுத்துங்கண்ணா. விஷம் அடங்கினதும் உங்க பக்கமா ஆட வெக்கறேன்."

"புழு தின்னுபோடுமே!"

"புழு தின்னாலும் பாதியாச்சும் மிஞ்சுமுங்க. இப்ப என்ன மிஞ்சியிருக்குது?"

வெறும் மரங்களைத் திரும்பிப் பார்த்த கோகுல்ராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருந்துத் தெளிப்பான் அன்றோடு பரணுக்குப் போனது. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். சில வருஷங்களில் வட்டாரத்தில் மருந்துக்குக்கூட மருந்து இல்லை. முருங்கை சடைசடையாய்க் காய்த்தது.

அந்த அறுவடைக்கு ஜெனிஃபர் வெறுங்கையோடு வந்தார்.

"இனிமே சான்று கிடையாது தர்ஷிகா. மருந்தடிச்ச தோட்டமே இல்லாத ஊர்ல எதை வச்சுப் பிரிக்கிறதுன்னு திட்டத்தையே மூடிட்டாங்க. என் வேலையும் போச்சு."

"அப்ப என்ற தேனு?"

"எல்லார் தேனும் போலத்தான். அதே விலை."

சான்றுக்காக ஊரையே மாற்றியவள் தர்ஷிகா. ஊர் மாறியதும் சான்றே செத்துவிட்டது. கோபம் வரும் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள். வந்தது சிரிப்பு. பிரணவும் சேர்ந்துகொண்டான்.

"ஏனுங் மேடம், இத்தனை வருஷம் சோதிச்சீங்களே, எங்க தேன் எப்படித்தான் இருக்குது?" என்றாள் தர்ஷிகா.

"தெரியாதுங்க. சோதிக்கிற இடத்துல ஒரு சொட்டுகூட நாக்குல வைக்கக் கூடாதுன்னு விதி."

"இப்பத்தான் விதியே இல்லைங்களே!"

தர்ஷிகா தேனடையைப் பிழிந்து அவர் உள்ளங்கையில் ஊற்றினாள். ஜெனிஃபர் நக்கினார். கண் தானாக மூடிக்கொண்டது. அடுத்த கையையும் நீட்டினார்.