மேற்கே கலைமதி

அன்று சாயங்காலம் அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். வடக்குச் சுவரோரம் தன் சின்ன மேசைக்குப் பின்னால் சோலையப்பன். மேற்கே கம்ப்யூட்டருக்கு முன்னால் கலைமதி. கிழக்கே இருந்தது ஜெபக்குமாரின் நாற்காலி, தெற்கே வாசலையொட்டி அய்யப்பனின் நாற்காலி, நடுவில் பெரிய மேசைக்குப் பின்னால் ஆனந்தராஜின் நாற்காலி. இந்த மூன்றிலும் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்று மனசுக்குள் எழுதி முடித்த பிறகுதான் சோலையப்பன் கவனித்தார். மூன்று நாற்காலிகளிலும் ஒயர் கீழே தொய்ந்திருந்தது. ஆவணி மாதம்தான் புதுசாகப் பின்னி வாங்கியவை. சுண்டினால் டங்கென்று சத்தம் கொடுக்கிற அளவுக்கு இழுத்துக் கட்டிய பச்சை ஒயர். அதற்குப் பிறகு யாரும் அவற்றில் உட்கார்ந்ததில்லை. பத்திரம் எழுத வருகிறவர்களைக்கூட வெளியே பெஞ்சில்தான் இருக்கச் சொல்வார்கள். கார்த்திகை ஈரத்தில் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஈரத்துக்குத் தளர அது ஒன்றும் சணல் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

குளத்தூரில் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் அந்த ஒற்றை அறை. ஐந்து பேரும் பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்து பத்திரம் எழுதினார்கள். போன கார்த்திகையில் ஆனந்தராஜ், டீ குடித்துவிட்டு வாரேன் என்று எழுந்து போனவர், டீக்கடைத் தூணில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாள் தலைவலி என்று படுத்தவர் இல்லை. ஆவூரில் அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி வியாகுலமேரிக்கு எல்லோர் சார்பிலும் சோலையப்பன் கடிதம் எழுதினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பழக்கிவிட்ட முறைப்படி வலது மூலையில் ஊரும் தேதியும், அதற்குக் கீழே விளிப்பு, பிறகு ஒரு விரல் இடம் விட்டு விஷயம். கடைசிப் பத்திக்கு வந்தபோது கை தொழில் பழக்கத்தில் தானாக ஓடியது. நிலத்துக்கு நான்கெல்லை எழுதுகிற மாதிரியே எழுதிவிட்டார்.

‘அன்னார் அமர்ந்திருந்த இடத்துக்கு எல்லையாவது: கிழக்கே ஜெபக்குமார், தெற்கே அய்யப்பன், மேற்கே கலைமதி, வடக்கே இதை எழுதும் சோலையப்பன். இதற்குட்பட்ட இடம் என்றென்றும் அவருக்கே பாத்தியமானது.’

வாசித்துக் காட்டியபோது ஜெபக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அய்யப்பன் மட்டும் எப்போதும் போல மைப்பெட்டி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே, “ஏங்க, என்னையப் போயி தெக்க வச்சிட்டீங்களே, அது எமன் தெசையில்ல. வேற பக்கம் ஒரு சென்ட் எடமாச்சும் ஒதுக்கக் கூடாதா?” என்றார். அழுகைக்கு நடுவில் எல்லோரும் சிரித்தார்கள். நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பங்குனியில், நின்றுகொண்டிருந்த டிராக்டரின் பின்னால் ஜெபக்குமாரின் வண்டி போய் மோதியது. ஆடியில் அய்யப்பன் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது ஆனந்தராஜுக்கு முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. கோயிலில் வாசிக்க நண்பர்கள் பேரில் ஒரு கடிதம் வேண்டும், போன வருசம் எழுதினது மாதிரி, என்று வியாகுலமேரி போனில் கேட்டிருந்தார். நாளைக்குள் ஆவூருக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஐந்தே முக்காலுக்குக் கட்டு எடுப்பதற்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும்.

கலைமதி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றாள். போன வருடக் கடிதத்தின் நகல் அவள் கையில் இருந்தது.

“அண்ணே, கெழக்கன்னு மொதல்ல எழுதியிருக்கீங்க. ஜெபக்குமார் அண்ணன் போனாங்க. அடுத்து தெக்க. அடுத்தது நான்.”

சோலையப்பன் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சித்திரையிலிருந்தே தனக்கு இந்த நினைப்பு என்றும், அய்யப்பன் போன அன்றைக்கு ராத்திரி முழுக்க மகள் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்ததாகவும் சொன்னாள். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா இல்லாத பிள்ளை.

“எல்லை தப்பாப் போட்டா பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு நேராக்குறோம்ல. இந்தக் காயிதத்துலயே ஒரு வரி எழுதிருங்கண்ணே. மேக்க கலைமதி இல்லைன்னு. எனக்கு அது போதும்.”

“எழுதிடுறேம்மா. நீ பஸ்ஸப் பாரு.”

ஐந்து இருபதுக்குத் திருக்கோகர்ணம் பஸ். காத்திருக்க நேரமில்லை. வெள்ளைத் தாளை எடுத்தாள், அடியில் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீங்க என்று வருகிற ஒவ்வொருவருக்கும் தினம் பத்துத் தடவை சொல்கிறவள். “நீங்கதானேண்ணே” என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கி ஓடினாள்.

அவள் எழுந்து போன நாற்காலியின் ஒயர் அதற்குள் மேலே ஏறிச் சமமாகியிருந்தது. மற்ற மூன்றும் ஏறவில்லை.

சோலையப்பன் முதலில் எழுதிப் பார்க்கும் கச்சாத் தாளை எடுத்தார். வெளியே கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் மைப்பெட்டியின் கத்தரிப்பூ நிற மை வாசம், பழைய முத்திரைத்தாள்களின் புழுக்கம், இவற்றுக்கு அடியில் மெல்லிசாக இன்னொன்று, அய்யப்பன் நெற்றியில் தடவும் தைலத்தின் நெடி. அவர் துண்டு எங்கேயாவது கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதினார். ஆனந்தராஜின் சிரிப்பைப் பற்றி, கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகளுக்கு அவர் விரலைப் பிடித்து ரேகை வைத்துவிடுகிற பக்குவத்தைப் பற்றி, அவருக்குப் பின்னாலேயே போன இரண்டு பேரைப் பற்றி எழுதினார். பிறகு திருத்தத்துக்கு வந்தார்.

‘சென்ற ஆண்டுக் கடிதத்தில் மேற்கே கலைமதி என்று கண்டிருப்பது கைப்பிழை. அதை மேற்கே’

பேனா நின்றது. எல்லையை வெறுமனே விட முடியாது. ஒருவரை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். ‘சுவர்’ என்று எழுதினார். ‘மேற்கே சுவர் என்று திருத்தி வாசிக்கவும்.’

டக்.

மைப்பெட்டி மூடி. தெற்குப் பக்கத்து மேசையில்.

தலையை நிமிர்த்தாமல் எழுதின வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே ஜெபக்குமார், முடிந்தது. தெற்கே அய்யப்பன், முடிந்தது. மேற்கே சுவர். சுவருக்குச் சாவு கிடையாது. அதைத் தாண்டினால்.

வடக்கே இதை எழுதும் சோலையப்பன்.

கிறீச் என்று ஒரு சத்தம். உட்கார்ந்திருக்கிற ஆள் இடுப்பைத் திருப்பும்போது ஒயர் உரசுகிற சத்தம். கிழக்கிலிருந்து. பிறகு நடுவிலிருந்து. தைல நெடி கண்ணைக் கரித்தது. டக். டக். அவசரப்படுத்துகிற மாதிரி இல்லை. எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

கச்சாத் தாளைக் கிழித்தார். நாலாக. எட்டாக.

கலைமதி கையெழுத்திட்ட தாளை இழுத்து வைத்துச் சுத்தப் பிரதி எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி விழுந்தது. சிரிப்பு, ரேகை, போன இரண்டு பேர், ஆண்டவர் சமாதானம் தருவாராக. திருத்தம் இல்லை. விஷயம் முடிந்த இடத்துக்கும் அவளுடைய கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு வரி இடம் மிஞ்சியது. பத்திரத்தில் வெற்றிடம் விடக்கூடாது, பின்னால் யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்கள். ஸ்கேலை வைத்து அந்த இடத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

மூடிச் சத்தம் நின்றது.

தாளை மூன்றாக மடித்தார். உறைக்குள் வைத்தார். பசை தடவினார். மடிப்பைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேற்குப் பக்கம் ஒயர் முனகியது. மெதுவாக. எடை குறைந்த ஒரு பெண் களைத்துப்போய் உட்காருகிற மாதிரி.

அவர் பார்க்கவில்லை. உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெற்கு நாற்காலியில் உடம்பு படாமல் சுவரை ஒட்டியே நகர்ந்து வாசலுக்கு வந்து தூறலில் இறங்கினார். எதிர்ச்சாரியில் தபால் பெட்டியைத் திறந்து கட்டெடுத்துக்கொண்டிருந்தார் தபால்காரர் ஜஸ்டின்.

“கடேசி நிமிசத்துல வாரீங்களே. குடுங்கண்ணே.”

கொடுக்கக் கை நீண்டது. விரல்கள் விடவில்லை. ஜஸ்டின் லேசாக இழுத்தார். சோலையப்பன் திரும்பி அறையைப் பார்த்தார்.

நான்கு நாற்காலிகளும் திரும்பியிருந்தன, வடக்கைப் பார்த்து. நான்கிலும் ஒயர் தொய்ந்திருந்தது. மேற்கு நாற்காலியின் ஒயரிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வடக்கே அவருடைய நாற்காலி மட்டும் விறைப்பாக, சமமாக, காலியாக.

விரல்களை விட்டார்.

உறை பைக்குள் விழுந்தது. ஜஸ்டின் பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.