உள்ளே பார்த்த காலணி

இப்போதெல்லாம் காலணியைக் கழற்றி வைக்கக்கூட ஒருவனுக்கும் தெரிவதில்லை. வீட்டுக்குள் ஏறும்போது குனிந்து, முனை வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் கொண்டுவருகிறவன் உதறிவிட்டு ஏறுகிறான். படித்தவன், பெரிய மனிதன், எல்லாரும் அப்படித்தான். கிழவர் கிசாகு வாசலடியில் பார்த்தபோது இரண்டு ஜோடி கிடந்தன. அவருடைய ரப்பர் பூட்ஸ், வாசலைப் பார்த்து. பக்கத்தில் ஒரு கறுப்புத் துணிக் காலணி, நனைந்து, உள்ளே பார்த்து.

வந்த பெண் போய் ஒரு மணி நேரமாகிறது. அவள் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு போனதை அவரே நின்று பார்த்தார்.

நாகசே என்று பெயர். மகன் தகாயாவோடு டோக்கியோவில் வேலை பார்த்தவளாம். மேசையில் ஒரு கணினியை வைத்துவிட்டு, கொடுத்த தேநீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

“இருபத்திரண்டு வருஷம் பொம்மைக்கு வசனம் எழுதினான். அதெல்லாம் ஒரு உத்தியோகமா?” என்று இவர்தான் ஆரம்பித்தார்.

“பொம்மை இல்லப்பா. கம்ப்யூட்டர்ல ஆடுற கதை. படத்துக்குக் கீழ எழுத்து வரும். நடுவுல ரெண்டு வழி காட்டும். நீங்க ஒண்ண அமுக்கினா கதை அந்தப் பக்கம் போகும். அவர் எழுதினதப் படிச்சிட்டு அழுதவங்க எத்தன பேரு தெரியுமா?”

“அழுறதுக்கு ஒரு வெங்காயம் போதும்மா.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “பதினேழு கதை எழுதினார்ப்பா. ஒண்ணுலயும் அப்பா கிடையாது. எங்க தொழில்ல அது வழக்கந்தான். பெத்தவங்கள வெளிநாட்டுல வேலைன்னு அனுப்பிடுவோம், ரெண்டு முகம் வரையற பாடு மிச்சம். இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற கதைல மட்டும் அப்பா வர்றார்.”

“எப்ப எழுதினான்?”

“அதக் கேக்கத்தான் வந்தேன். இது எங்களுக்குப் போன வாரம் வந்துச்சு. நீங்க அனுப்பினீங்களோன்னு...”

“எனக்கு அதத் திறக்கவே தெரியாது.”

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “கடைசி வழிய நாங்க யாரும் அமுக்கல. நீங்கதான் அமுக்கணும்னு தோணுச்சு.”

தகாயா செத்து ஒரு வருடம். கம்பெனி அவனை வேண்டாமென்று அனுப்பிவிட்டது. பனிப்புயல் அடித்த ஒரு மாலை, கடைசிப் பேருந்தில் ஊருக்கு வந்திருக்கிறான். ஏப்ரலில் பனி உருகியபோது நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடைத்தான். வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று கிசாகு போலீஸில் சொன்னார். நம்பினார்கள். முப்பது வருடம் பனி அள்ளும் வண்டி ஓட்டி ஊருக்கெல்லாம் வழி திறந்துவிட்ட மனிதர் அல்லவா.

அந்தக் காலணியை அவர் தொடவில்லை. அறைக்குத் திரும்பினார். அடுப்பின் மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, நனைந்த கம்பளியை மூடிவைத்துத் திறந்த மாதிரி. வெளியே மூன்று மணிக்கே வெளிச்சம் பழுப்பேறிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் ஓர் அறை. அதே அடுப்பு, அதே சுவர்க்கடிகாரம், மேசையில் அவர் சற்றுமுன் பாதி தின்றுவிட்டு வைத்த ஆரஞ்சு, அவர் கிழித்த அதே தோலோடு. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிழவன். முகம் இல்லை.

எவனோ பார்த்து வரைந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவள் காட்டிவிட்டுப் போன பொத்தானை அமுக்கினார்.

*கூரையிலிருந்து பனி சரிகிறது.*

தலைக்கு மேல் கனமாக எதுவோ சரிந்து, சன்னலுக்கு வெளியே தொப்பென்று விழுந்தது.

அமுக்கினார்.

*மகன் கதவைத் தட்டுகிறான். அப்பா, குளிருது என்கிறான்.*

விரல் நின்றது. அந்த இரண்டு சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

*அப்பாவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். வெளியே நிற்பவனுக்கு அது கேட்கிறது.*

டோக்கியோ போனது தப்புதான் என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் அன்று அவர் நின்றார். ஒரே வார்த்தை. அவன் சொல்லவில்லை. போய்விட்டான்.

இரண்டு வரி வந்தது. *திற. திறக்காதே.*

‘திற’வை அமுக்கினார். ‘திறக்காதே’ ஒளிர்ந்தது. மறுபடி அமுக்கினார். அதுவே. மறுபடி. அதுவே. பிறகு ஒரு வரிதான் மிஞ்சியது. அதுவும் போனது.

*அப்பா எழுந்து வெளியே போகிறார்.*

நடையில் பலகை முனகியது. ஈரக் கால். ஒரு அடி. இன்னொன்று. அவருக்கு நேர் பின்னால் வந்து நின்றது.

திரும்பவில்லை.

“பொய்” என்றார். “எல்லாம் மெஷின் வேலை.” பின்பக்கம் பாராமல் சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால் போதும். மனிதக் குரல் ஒன்று கேட்டால் போதும்.

வாசலடியில் அவருடைய பூட்ஸைக் காணவில்லை. துணிக் காலணி மட்டும் இருந்தது. இப்போது முனை வாசலைப் பார்த்து, ஜோடி சேர்த்து, ஒழுங்காகத் திருப்பி வைத்திருந்தது. தகாயா அவன் ஆயுளில் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

காலை நுழைத்தார். உள்ளே பனி இருந்தது. அளவு சரியாக இருந்தது.

வெளியே இறங்கியதும் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கோட்டு உள்ளே. பக்கத்து வீட்டில் விளக்கில்லை. திரும்பி வந்து தட்டினார்.

“குளிருது” என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவருக்குக் கேட்டது.

காற்றுதான். தாழ்ப்பாள் இரும்பு பனியில் இறுகியிருக்கும், வேறென்ன. அப்படி முனகிக்கொண்டே, நனைந்த துணிக் காலணியோடு, கிசாகு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பின்னால், அவர் வீட்டு விளக்கை யாரோ அணைத்தார்கள்.